கோலம் போட்டா குத்தமா பாஸ்?

ஞாயிற்றுக்கிழமை. அசைன்மென்ட்டை நாளைக்குக் காலையில பஸ்லயே காப்பி அடிச்சுக்கலாம். பாக்கெட்டில் நூறு ரூபாய்தான் இருக்கு. பரவாயில்லை பாஸ், தாம்பரத்தில் கிளம்பி பெசன்ட் நகர் பீச் வரைக்கும் போய்ட்டு வர அது தாராளம். வர்றீங்களா? சுண்டல் மட்டும் உங்க செலவு.

ஆனா இது 'அவசியம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' டைப் டூர் இல்லை. காசு செலவழிக்காம, யாருக்கும் தொந்தரவு கொடுக்காம, நாலு ஃபிரெண்ட்ஸ் கூடி நின்னு சிரிக்க நம்ம தென்சென்னைப் பக்கம் எங்கெல்லாம் இடம் இருக்கு? அந்த இடத்துக்கெல்லாம் எந்த நிமிஷத்தில் ஜீப் வந்து நின்னு, 'கலைஞ்சு போங்கப்பா' சத்தம் கேட்குது? அதைப் பார்க்கிற டூர் இது.

தாம்பரம் ஸ்டேஷனில் ஏறும்போதே ஆரம்பிச்சுடலாம். இந்த லைனில் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931-ல். பீச் டு தாம்பரம், மீட்டர் கேஜ். ஆறு வருஷம் கழிச்சு, 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு கிழக்குத் தாம்பரம் காட்டுக்குக் குடிவந்தது. 365 ஏக்கர்! அன்னையிலிருந்து இந்த ரயிலுக்கும் காலேஜ் பசங்களுக்கும் பிரிக்க முடியாத சொந்தம். ஜன்னல் கம்பியும் சீட்டுப் பலகையும்தான் வாத்தியம். ஒருத்தன் கானா எடுத்துக் கொடுப்பான், மீதிப் பேர் தாளம். அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிற ஆபீஸ் அங்கிள் முதல்ல முறைப்பார், கிண்டி வர்றதுக்குள்ள அவர் காலும் தானா ஆடும்.

2025 ஏப்ரலில் இந்த லைனுக்கு ஏ.சி. மின்சார ரயில் வந்தது. கதவு தானா மூடிக்கும். ஃபுட்போர்டு தொங்கல் அதில் கிடையாது. ரொம்ப நல்லது, உயிர் மிச்சம். தாளம் தட்டக் கம்பியும் கிடையாது. அதுதான் கொஞ்சம் வருத்தம்!

இந்தக் கானாவைப் பத்தி ஒரு மேட்டர். ரயிலில் பாடினா அது 'ரகளை'. அதே கானாவை மேடை போட்டு, மைக் கொடுத்து, பின்னாடி பேனர் கட்டிப் பாடினா அது 'மண்ணின் கலை'. 2007-ல் 'சென்னை சங்கமம்' ஆரம்பிச்சப்போ பார்க், பீச் எல்லாம் பறையும் கரகமும் ஒயிலாட்டமுமா ஆச்சு. 2023-ல் 'நம்ம ஊரு திருவிழா'ன்னு அது திரும்பவும் வந்தது. ரெண்டுமே சூப்பர். அங்கே காவலுக்கு நின்ன போலீஸ்காரர்களும் ரசிச்சுத்தான் பார்த்தாங்க. ஆட்டம் அதேதான், பாட்டும் அதேதான். நடுவுல மாறினது ஒரு பெர்மிஷன் லெட்டர்.

சானடோரியம். 1928-ல் காசநோய்க்காரர்களுக்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியால் வந்த பேர். காத்து நல்லா இருக்கும்னு தேடிப் பிடிச்ச இடம்னு சொன்னா இன்னிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் நிக்கிறவங்க அடிக்க வருவாங்க. அடுத்தது குரோம்பேட்டை. 1949-ல் ஆரம்பிச்ச எம்.ஐ.டி. இங்கேதான். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படிச்ச காலேஜ். அதுக்கு அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைன்னா சந்தை. ஓட்டை ரேடியோவிலிருந்து ஒத்தை செருப்பு வரைக்கும் கிடைக்கும். பொண்ணுங்க கேங்கா போய், எதுவுமே வாங்காம மூணு மணி நேரம் சுத்திட்டு, கடைசியில ஒரு ரோஜாச் செடியோடு திரும்பலாம். இந்த மாதிரிச் சந்தைக் கூட்டத்தில் ஒரு வசதி... 'இங்க என்ன வேலை?'ன்னு உங்களை யாரும் கேட்க மாட்டாங்க. கையில ஒரு பை இருந்தா போதும், நீங்க வாடிக்கையாளர்.

கையில பை இல்லாதப்போதான் பிரச்னையே.

இதே புறநகரில் ஏதோ ஒரு தெரு. ராத்திரி மணி 12. உங்க கேங்கில் ஒருத்தனுக்கு பர்த்டே. பைக் சீட்டுதான் டேபிள். அரை கிலோ கேக், ஒரு ஸ்னோ ஸ்ப்ரே, தலையில உடைக்க ரெண்டு முட்டை. பத்து நிமிஷத்தில் முடியப்போற கூத்து. திடீர்னு தெருமுனையில் நீலமும் சிவப்புமா லைட். 'பைக் சாவியக் குடு. எந்த காலேஜ்? அப்பா நம்பரைச் சொல்லு.' கேக்கோட பாதி ரோட்டில், மீதி உங்க மூஞ்சில. இது நடக்காத கேங் எதுன்னு உங்க கிளாஸில் கேட்டுப் பாருங்க, கை தூக்குறவங்க கம்மியாத்தான் இருப்பாங்க.

போலீஸ் இதுக்கு ஒரு காரணம் சொல்லும். அது பொய்க் காரணமும் இல்லை. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கத்து மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி தன் பிறந்தநாளுக்கு பட்டாக்கத்தியால் கேக் வெட்டினார். வாழ்த்த வந்த ரவுடிகளை போலீஸ் சுத்தி வளைச்சதில் எழுபது பேருக்கு மேல சிக்கினாங்க. அதுக்கப்புறம் கத்தியில் கேக் வெட்டி செல்போனில் போட்டுக்கிறது ஊரெல்லாம் ஒரு வியாதியாச்சு, கைதும் தொடர்ந்தது. அதனால ராத்திரி, கேக், பத்து பசங்க... இந்த மூணும் ஒண்ணா இருந்தாலே ரோந்து போலீஸுக்கு மண்டைக்குள்ள மணி அடிக்குது. சரி. ஆனா கேக் வெட்ட பட்டாக்கத்தி வச்சிருக்கிறவனுக்கும், பேக்கரிக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கத்தி வச்சிருக்கிறவனுக்கும் வித்தியாசம் தெரிய போலீஸ் ட்ரெய்னிங்கூட வேண்டாமே!

'பஸ் டே' கதையும் இதே ரூட்டுதான். ஒரு காலத்தில் அது எவ்வளவு அழகான ஐடியா! தினமும் நம்மை ஏத்திட்டுப் போற பஸ்ஸுக்கு மாலை, டிரைவர் அண்ணனுக்கும் கண்டக்டர் அண்ணனுக்கும் சால்வை, ஸ்வீட். அப்புறம் அது பஸ் கூரைக்கு ஏறிச்சு. 'ரூட்டு தல' வந்தான். கல் பறந்தது, கோர்ட் வரைக்கும் போய் தடை வந்தது. 2019 ஜூன் 17-ம் தேதி, தடையையும் மீறி பஸ் டே கொண்டாடின பசங்க ஓடுற பஸ் கூரையிலிருந்து கொத்தாகச் சரிஞ்சு விழுந்த வீடியோவைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. அதைத் தடுக்கிறதை 'ஓவர்'னு யாரும் சொல்லப்போறதில்லை. ஆபத்தைத் தடுக்கிறது வேலை. ஆபத்தே இல்லாத இடத்திலும் அதே குரல், அதே லத்தி... அங்கேதான் நமக்குக் கோபம் வருது.

'ஒரு கேஸ்தானே, ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்'னு கெத்து காட்டுற மச்சிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிட்டி போலீஸ் சட்டம் 75-வது பிரிவு, ஸ்டேஷன் பாஷையில் 'பெட்டி கேஸ்'. குடிச்சுட்டு ரகளை பண்றது, பொது இடத்தில் அநாகரிகமா நடக்கிறது, இதுக்கெல்லாம் உள்ள பிரிவு. அதோட போனா பரவாயில்லை. ஆனா கூடவே ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தா? தாம்பரம், பல்லாவரம் சுத்துவட்டாரத்தில் எஸ்.ஐ. செலக்‌ஷனுக்கும் கான்ஸ்டபிள் வேலைக்கும் விடிகாலையில் கிரவுண்டில் ஓடுற பசங்களைப் பார்த்திருப்பீங்க. தமிழ்நாடு போலீஸ் தேர்வு விதிப்படி, ஒரு கிரிமினல் கேஸில் 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுதலை ஆனாக்கூட வேலை கிடைக்கிறது கஷ்டம். நடுராத்திரி ஒரு கேக்குக்காக, அந்தப் பையன் போட நினைச்ச அதே காக்கிச் சட்டை அவனுக்குக் கிடைக்காமல் போகலாம். கார் வச்சிருக்கிற வீட்டுப் பசங்க பார்ட்டியை மாடியில், கெஸ்ட் ஹவுஸில் வச்சுக்குவாங்க. ரெண்டு ரூம் வீட்டில் ஆறு பேர் இருக்கிறவனுக்குத் தெருதான் ஹால். மாட்டுறதும் அவன்தான்.

திரிசூலம் தாண்டியாச்சு. இடதுபக்கம் ஏர்போர்ட். தலைக்கு மேல விமானம் வயித்தைக் காட்டிக்கிட்டு இறங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அண்ணாந்து பார்க்க வைக்கிற ஃப்ரீ ஷோ.

இந்த ஏரியாவுக்கு யார் போலீஸ்ங்கிறதே ஒரு குட்டிக் கதை. 2008-ல் புறநகருக்குன்னு தனி கமிஷனரேட் ஆரம்பிச்சாங்க. 2011-ல் அதை சென்னையோடு சேர்த்தாங்க. 2022 ஜனவரி 1-ம் தேதி 'தாம்பரம் மாநகரக் காவல்' பிறந்தது, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், 2021 நவம்பரில், தாம்பரம் மாநகராட்சி ஆகியிருந்தது. ஊரு அதேதான், கமிஷனர் ஆபீஸ் மட்டும் கபடி ஆடிச்சு. சென்னை போலீஸ் கையில் இருக்கிற சட்டமோ 1888-ம் வருஷத்துது! வெள்ளைக்காரன் மதராஸ் பட்டணத்துக்காக எழுதினது. அதில் 41-வது பிரிவு கமிஷனருக்கு ஒரு பவர் கொடுக்குது. கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும்னு உத்தரவு போடலாம். அந்த உத்தரவு 15 நாள்தான் செல்லும். அதனால் என்ன, 15 நாள் முடிஞ்சதும் இன்னொரு 15 நாள், அப்புறம் இன்னொண்ணு. பேப்பரில் ஓரமாகக் குட்டியாக வர்ற அந்தச் செய்தியை நாம படிக்கிறதே இல்லை. அவசரத்துக்குன்னு கொடுத்த மாத்திரையை மாசக்கணக்கில் மூணு வேளையும் சாப்பிடுற மாதிரி இருக்கு இது.

கிண்டியில் இறங்கி பஸ் பிடிங்க. அடையாறு தாண்டி, இதோ பெசன்ட் நகர். எலியட்ஸ் பீச். மணலில் தனியா நிக்கிற அந்த வெள்ளை வளைவுக்குப் பக்கத்தில் செல்ஃபி எடுக்காதவங்க யாரு? ஆனா அது யாருக்காகன்னு தெரியுமா? கார்ல் ஷ்மிட். டென்மார்க் நாட்டு மாலுமி. 1930-ல் இங்கே கடலில் தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய், தன் உயிரை விட்டவர்.

இந்த பீச் ரோடு நம்ம டூருக்கு ரொம்ப முக்கியம். 2014 அக்டோபரில் இங்கே 'கார் ஃப்ரீ சண்டே' வந்தது. ஞாயிறு காலையில் வண்டிகளை நிறுத்திட்டு ரோட்டையே ஜனங்க கையில் கொடுத்துட்டாங்க. மாநகராட்சியும் டிராஃபிக் போலீஸும் கூட நின்னு செஞ்ச வேலை அது. ரோட்டில் ஷட்டில், ஸ்கேட்டிங், பல்லாங்குழி, தாத்தாக்கள் யோகா. 2022-ல் அண்ணா நகரில் 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' தொடங்கி, ஏரியா ஏரியாவா சுத்தி வந்தது. டி.ஜே. பாட்டுக்கு நடுரோட்டில் ஆயிரக்கணக்கில் ஆட்டம். போலீஸே பேரிகேடு வச்சு வழி விட்டுச்சு. ஆக, கூட்டமா ஆடினா சட்டம் ஒழுங்கு கெட்டுப்போகும்ங்கிறது உண்மை இல்லைன்னு போலீஸுக்கே தெரியும்!

யாரும் ஸ்பான்சர் பண்ணாம, யார் தலைமையும் இல்லாம பத்து பேர் கூடினாத்தான் அவங்களுக்குப் பதற்றம். இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 'ஃப்ளாஷ் மாப்'ங்கிற ஐடியாவையே கண்டுபிடிச்ச நியூயார்க் பத்திரிகைக்காரர் பில் வாஸிக், 2003-ல் தன் முதல் முயற்சிக்கு ஒரு கடையைத் தேர்ந்தெடுத்தார். விஷயம் முன்கூட்டியே கசிஞ்சு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போலீஸ் வந்து நின்னது. அடுத்த மாசம் ஜூனில், மேஸீஸ் கடையில் கம்பளம் விற்கிற இடத்தில்தான் அது நடந்தது. நூத்துச் சொச்சம் பேர் ஒரே கம்பளத்தைச் சுத்தி நின்னு பார்த்துட்டுக் கலைஞ்சு போனாங்க. அவ்வளவுதான் கலாட்டா! அதே வருஷம் அக்டோபரில் மும்பை 'கிராஸ்ரோட்ஸ்' மாலில் முதல் இந்திய ஃப்ளாஷ் மாப். கொஞ்ச நேரம் கத்தி, ஆடி, குடையை விரிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. அனுமதி இல்லாம இனிமே இந்த வேலை கூடாதுன்னு மும்பை போலீஸ் சொல்லிடுச்சு. முன்கூட்டியே சொல்லிட்டு வந்தா அது ஃப்ளாஷ் மாபே இல்லையே ஸார்!

சரி, பீச்சுக்கு முதுகைக் காட்டிட்டு உள்ளே தெருக்களுக்குள் நடங்க. மரம் மூடின அமைதியான அவென்யூக்கள். மார்கழி மாசம் விடிகாலையில் வந்தா வாசலுக்கு வாசல் கோலம்.

2019 டிசம்பர் 29. அன்னிக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்து சில வாரம்கூட ஆகலை, நாடு முழுக்கப் போராட்டம். சில இளம்பெண்களும் அவங்க ஃபிரெண்ட்ஸும் கோலமாவு டப்பாவோட பெசன்ட் நகர் தெருக்களுக்கு வந்தாங்க. சத்தமில்லை, மைக் இல்லை, மறியல் இல்லை. புள்ளி வச்சு, இழை இழுத்து, நடுவில் சி.ஏ.ஏ. வேண்டாம், என்.ஆர்.சி. வேண்டாம்னு எழுதினாங்க. ஜாலிக்காக மட்டும் போட்ட கோலம் இல்லை, அதில் எதிர்ப்பு இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனா எதிர்ப்பைச் சொல்ல இதைவிட சாதுவான ஒரு வழியை நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, பார்க்கலாம். காலால் தேய்ச்சா அழியும், எறும்பு தின்னா தீர்ந்துடும்.

போலீஸ் வந்தது. ஏழெட்டுப் பேரைப் பிடிச்சு வேனில் ஏத்தி, ஒரு சமூகநலக் கூடத்தில் உட்கார வச்சாங்க. 'ஏன் பிடிச்சீங்க?'ன்னு கேட்க வந்த வக்கீல்களையும் விடலை. கொஞ்ச நேரம் கழிச்சு அனுப்பினாங்க, ஆனா வழக்கு பதிவாச்சு. அனுமதி கேட்டாங்க, மறுத்தோம், மீறிக் கூடினாங்க, ஒரு வீட்டுக்காரரும் ஆட்சேபிச்சார் - இது போலீஸ் தரப்பு. வீட்டுக்காரர் ஆட்சேபிச்சா நியாயம்தான், அவர் வாசல் அவர் இஷ்டம். அதுக்கு ஒரு வாளித் தண்ணி போதுமே, வேன் எதுக்கு?

அப்புறம் நடந்ததுதான் செம. மறுநாள் கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலில் அதே வாசகத்தோட கோலம். ஸ்டாலின் வீட்டில் கோலம். கனிமொழி வீட்டில் கோலம். ரெண்டு மூணு தெருவில் நாலு பேர் மட்டும் பார்த்துட்டு, மத்தியானத்துக்குள்ள வண்டிச் சக்கரத்தில் ஒட்டிட்டுப் போயிருக்க வேண்டிய மாவு, நாடு பூரா டி.வி.யில் வந்தது. அந்த விளம்பரத்துக்கு அந்தப் பொண்ணுங்க பத்துப் பைசா செலவழிக்கலை, மொத்தமும் காவல்துறை உபயம்!

அதோடயும் விடலை. புது வருஷம் பிறந்த உடனே கமிஷனர் ஏ.கே.விஸ்வநாதன் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, கோலம் போட்டவங்களில் ஒருத்தரோட ஃபேஸ்புக் பக்கத்தைக் காட்டி, பாகிஸ்தான் அமைப்போடு தொடர்பு இருக்கான்னு விசாரிக்கிறோம்னு சொன்னார். மாவுக்கோலத்தில் தொடங்கி மூணே நாளில் எல்லை தாண்டிப் போயாச்சு. உங்க வீட்டில் ஒரு பொண்ணு காலையில் கோலமாவை எடுத்துட்டு வெளியே போய், அந்த வாரமே டி.வி.யில் இந்த மாதிரிப் பேச்சு அடிபட்டா அந்த வீடு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்வியை யாரும் கேட்டதா தெரியலை. 2021 பிப்ரவரியில், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, வன்முறையில் ஈடுபட்ட வழக்குகள் தவிர சி.ஏ.ஏ. போராட்ட வழக்குகளைக் கைவிடுவதாக அறிவிச்சார்.

டூர் முடியறதுக்குள்ள ஒரு சட்டப் பாடம், அரியர் விழாத பாடம். அஞ்சு பேர் சேர்ந்து நின்னாலே 'சட்டவிரோதக் கூட்டம்'னு யாராவது மிரட்டினா நம்பாதீங்க. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 141, 143. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 189. ரெண்டிலுமே அஞ்சு பேர் இருந்தா மட்டும் போதாது, அவங்களுக்குச் சட்டம் தடுக்கிற ஒரு பொது நோக்கமும் இருக்கணும். குத்தம் செய்யறது, பலாத்காரமா எதையாவது பறிக்கிறது, அந்த மாதிரி. சிரிக்கிறது அந்த லிஸ்டில் இல்லை. அதிகாரி போட்ட உத்தரவை மீறினதுக்குப் பழைய சட்டத்தில் 188, புதுசில் 223. ஜீப் வந்தா ஓடாதீங்க, எதிர்த்துச் சவுண்டும் விடாதீங்க. பேர் சொல்லுங்க, காலேஜ் ஐ.டி. காட்டுங்க, 'என்ன பிரிவு ஸார்?'னு மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வெறும் தாளில் கையெழுத்து கேட்டா போடாதீங்க.

இந்த 188-ஐப் பத்தி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு இருக்கு. ஜீவானந்தம் வழக்குன்னு சொல்வாங்க, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்தது. அந்தப் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் கொடுக்கணும். அமைதியா எதிர்ப்பைக் காட்டக் கூடினாங்கங்கிறதுக்காக மட்டும் 143 போட முடியாது. தேதி 2018 செப்டம்பர் 20. பெசன்ட் நகரில் அந்தக் கோலமாவு டப்பாவைப் பிடுங்கின காலையில், அந்தத் தீர்ப்புக்கு வயசு பதினஞ்சு மாசம்.